தக்கை காட்டுவது பாதி, ஈயம் சொல்வது மீதி

லண்டனுக்கு மேற்கே கோல்ன் பள்ளத்தாக்கிலும், தேம்ஸ் ஆற்றோரத்திலும், குளோஸ்டர்ஷயர், வில்ட்ஷயர் எல்லையிலுள்ள காட்ஸ்வோல்ட் வாட்டர் பார்க்கிலும் கெண்டைக்குப் பேர்போன ஏரிகளில் பெரும்பாலானவை சரளை தோண்டிய குழிகள். சாலைக்கும் கட்டடத்துக்கும் வேண்டிய மட்டும் தோண்டி எடுத்தார்கள். வேலை முடிந்து பம்பை நிறுத்தியதும் நிலத்தடி நீர் ஏறி நின்றுவிட்டது. வடக்கயிற்றில் வாளியைக் கட்டி இழுத்த அந்தக் காலத்துத் தோண்டுபொறிகள் நல்ல சரளை கிடைத்த இடத்தில் வாரி எடுத்தன. கழிவும் களியும் கிடந்த இடத்தை விட்டுவிட்டு நகர்ந்தன. அதனால் மேலே ஒரே மட்டமாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் 14 அடிப் பள்ளம் இருக்கும், அதை ஒட்டியே 5 அடி ஆழத்தில் ஒரு சரளை மேடு இருக்கும், மேட்டுக்கு அப்பால் மறுபடி பள்ளம். கரையில் நிற்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. அங்கேயே பிறந்து வளர்ந்த கெண்டைக்கு எல்லாம் அத்துப்படி.

இந்த வித்தியாசத்தைக் கொஞ்சமாவது குறைக்கத்தான் ஆழம் அளக்கும் மார்க்கர் தக்கை. புதிதாகக் கையில் எடுப்பவர்கள் தக்கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது மேலே தலை காட்டியதும் அடியை எண்ணி, ‘9 அடி’ என்று எழுதிக்கொண்டு வேலை முடிந்ததாக நினைப்பார்கள். ஆழம் தெரிய வேண்டியதுதான். ஆனால் அந்த 9 அடியில் கிடப்பது சரளையா, நாற்றமெடுத்த சேறா, இடுப்புயரப் பாசியா என்பதைத் தக்கை ஒருநாளும் சொல்லாது. சொல்வது ஈயக்குண்டு. கேட்பது உங்கள் கை. ஆகவே இந்த அத்தியாயத்தில் தக்கையைவிட ஈயத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறோம்.

கருவிகள்

12 அடிக் கோல், அதன் விறைப்பைக் குறிக்கும் டெஸ்ட் கர்வ் 3 பவுண்டு அளவில் இருந்தால் போதும். மார்க்கர் வேலைக்கென்றே தனிக் கோல் விற்கிறார்கள். வாங்கினால் தப்பில்லை, ஆனால் வீட்டில் பழைய கெண்டைக் கோல் சும்மா கிடந்தால் அதுவே வேலைக்கு ஆகும். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் நூல். தங்கூசி இழுத்தால் நீளும். 80 கஜம் தள்ளி ஈயம் ஒரு கல்லைத் தட்டினால் அந்தத் தட்டு உங்கள் கைக்கு வந்து சேர்வதற்குள் பாதி கரைந்திருக்கும். பிரெய்டு எனப்படும் பின்னல் நூல் அநேகமாக நீளவே நீளாது. கூழாங்கல்லில் உரசுவதுகூடக் கோலின் பிடிவரை வரும். 20 முதல் 30 பவுண்டு வலுவுள்ளதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரெய்டில் ஒரு ஆபத்து உண்டு. 3 அவுன்ஸ் குண்டை ஓங்கி வீசும்போது ஆட்காட்டி விரலை அது கத்திபோல் அறுத்துவிடும். விரலுறை இல்லாமல் வீசவே வீசாதீர்கள். வீசுவதற்கு முன் நூல் கோலின் நுனி வளையத்தில் சுற்றியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாதி வீச்சில் அறுந்து பறக்கும் ஈயம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலைக்குப் போகலாம்.

குண்டு 3 அல்லது 4 அவுன்ஸ். பிரிட்டனில் ஈயத்துக்கே தடை என்று யாராவது பயமுறுத்துவார்கள். அன்னங்கள் சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி நஞ்சேறிச் செத்ததால் 1987இல் வந்த தடை அது. 28.35 கிராம், அதாவது 1 அவுன்ஸ் வரைக்குமான எடைகளைத்தான் அது கட்டுப்படுத்துகிறது. 3 அவுன்ஸ் குண்டு அதில் வராது. ஏரிக்காரர் தனியாக விதி வைத்திருந்தால் அது வேறு விஷயம், நுழைவாயில் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

குண்டின் வடிவத்தில் கவனம் தேவை. 1952இல் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டுக் கெண்டை பிடித்துப் புகழ்பெற்ற ரிச்சர்ட் வாக்கர், பெட்ஃபோர்ட்ஷயரிலுள்ள ஆர்ல்சி ஏரியில் பெர்ச் மீனுக்காக ஒரு பேரிக்காய் வடிவக் குண்டை உருவாக்கினார். ‘ஆர்ல்சி பாம்’ என்ற பெயரில் அது இன்றும் கடைகளில் கிடைக்கிறது. காற்றைக் கிழித்துத் தூரம் போக அந்த மழமழப்பு அருமையானது. ஏரியின் அடியைத் தடவிப் பார்க்க அதே மழமழப்பு இடைஞ்சல். சிறு கற்கள்மேல் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உடம்பெல்லாம் முண்டு முண்டாக உள்ள மார்க்கர் குண்டு தனியாக விற்கிறது. அதையே வாங்குங்கள்.

கட்டும் முறை எளிது. நூலை ஒரு பெரிய துளை வளையத்தின் வழியே விட்டு, ஒரு ரப்பர் மணியைக் கோத்து, நுனியில் தக்கையைக் கட்ட வேண்டும். வளையத்தோடு சேர்ந்தாற்போல ஒரு அடி நீள விறைப்பான தண்டு இருக்கும். அதன் மறுமுனையில் ஈயம். நூலைச் சுற்றினால் தக்கை இறங்கி வந்து வளையத்தில் முட்டும். நூலை விட்டால் ஏறி மேலே வரும். நடுவில் தண்டு எதற்கு என்றால், பாசியுள்ள அடியில் ஈயம் புதைந்தாலும் வளையம் ஒரு அடி மேலே நிற்பதால் நூல் தடையில்லாமல் ஓடும். தண்டில்லாமல் கட்டிவிட்டு, தக்கை மேலே வரவில்லை என்று அரை மணி நேரம் இழுபறி நடத்துபவர்களை எந்த ஏரியிலும் பார்க்கலாம்.

தக்கையின் இறகு எல்லா நேரத்திலும் ஆரஞ்சாக இருக்க வேண்டும் என்பதில்லை. எதிர்க்கரை மரங்களின் கரிய நிழல் தண்ணீரில் விழுந்திருந்தால் ஆரஞ்சு பளிச்சென்று தெரியும். மாலை வெயில் தண்ணீரில் மின்னும்போது கறுப்பு இறகுதான் கண்ணுக்குப் படும். இரண்டும் பையில் இருக்கட்டும்.

ஈயம் இறங்கும்போதும் இழுக்கும்போதும்

முதலில் எதிர்க்கரையில் ஒரு குறி பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் அழகாகத் தெரியும் வெள்ளைப் படகும் மஞ்சள் புதரும் இரவில் காணாமல் போய்விடும். வானத்தை வெட்டிக்கொண்டு நிற்கும் உயர்ந்த மரம், அல்லது இரு மரங்களுக்கு நடுவே தெரியும் இடைவெளி, இவைதான் நள்ளிரவில் மறுபடி வீசும்போது கைகொடுக்கும்.

வீசிய குண்டு தண்ணீரைத் தொடும் நேரத்தில் ஸ்பூலை விரலால் மெல்ல அழுத்தி நூலைத் தடுத்துவிடுங்கள். இப்போது நூல் விறைப்பாக இருக்க, ஈயம் கீழே இறங்கும். கோல் நுனி லேசாக வளைந்திருக்கும். அடியைத் தொட்டதும் நுனி சட்டென நிமிரும். முதல் சேதி அந்தக் கணத்தில் வருகிறது. ‘டொக்’ என்று கோல் முழுக்க அதிர்ந்தால் சரளை அல்லது கெட்டிக் களி. ‘தொப்’ என்று மெத்தென அடங்கினால் வண்டல். எதுவும் தெரியாமல், எப்போது இறங்கியது என்றே புரியாமல் நுனி மெல்ல நிமிர்ந்தால் ஈயம் பாசிமேல் உட்கார்ந்திருக்கிறது. நூல் தொய்ந்திருந்தால் இந்த மூன்றில் எதுவும் கைக்கு வராது.

அடுத்தது இழுவை. ரீலைச் சுற்றி ஈயத்தை இழுக்கக் கூடாது. கைப்பிடியின் ஆட்டமே கையில் தெரியும், அடி தெரியாது. கோலை ஈயத்தின் திசையில் நீட்டிப் பிடித்து, தண்ணீர் மட்டத்துக்கு இணையாகப் பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டுவாருங்கள். ஈயம் சில அடி நகரும். பிறகு கோலை முன்னே திருப்பிக்கொண்டே தொய்வைச் சுற்றிக்கொள்ளுங்கள். மறுபடி இழுவை. அவசரப்பட்டால் இது வீண்வேலை.

சரளையில் நுனி கடகடவென்று ஆடும். பொடிச் சரளை என்றால் நறநறவென்று ஒரு மெல்லிய நடுக்கம். பெரிய கற்கள் என்றால் இடைவெளி விட்டு முரட்டுத் தட்டுகள். களி சத்தமில்லாமல் வழுக்கும். அதற்கும் மெல்லிய வண்டலுக்கும் ஆரம்பத்தில் குழப்பம் வரும். பிரித்துப் பார்க்க ஒரு வழி, இழுவையின் தொடக்கத்தைக் கவனிப்பது. களியில் ஈயம் உடனே நகரும். வண்டலில் அது கொஞ்சம் புதைந்திருப்பதால் முதலில் மறுக்கும், பிறகு ஆறிப்போன கூழில் கரண்டியை இழுப்பதுபோல் கனமாக, ஒரே சீராக வரும். பாசி வேறு ரகம். கோல் வளைந்துகொண்டே போகும், மேலும் வளையும், திடீரென்று ஒரு உதறலோடு விடுபடும், அடுத்த அடியிலேயே மறுபடி மாட்டும்.

நமக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த மாற்றங்களின் எல்லை. பாசியில் மூன்று இழுவை மாட்டி மாட்டி வந்த ஈயம் நான்காவதில் உதறி விடுபட்டு, இரண்டடிக்குக் கடகடவென்று ஆடிவிட்டு, மறுபடி பாசியில் மாட்டினால் உட்கார்ந்து யோசியுங்கள். சுற்றிலும் பாசி அடர்ந்த இடத்தில் மேசையளவு சரளை மட்டும் சுத்தமாகக் கிடப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கெண்டைகள் அங்கே வந்து வந்து மேய்ந்து, பாசி வேர்பிடிக்க விடாமல் செய்திருக்கின்றன.

ஈயத்தைக் கரைக்கு இழுத்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முண்டுகளில் ஒட்டியிருப்பதை விரலால் வழித்து மோந்து பாருங்கள். சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில், வாடையில்லாத வண்டல் நல்லது. அதில்தான் சிவப்புப் புழுக்கள் வாழும். ஹீமோகுளோபின் இருப்பதால் சிவந்திருக்கும் அந்தப் புழுக்களுக்காகக் கெண்டை மூக்கைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவும். அழுகிய முட்டை வாடையோடு கரேலென்று வந்தால் அது பிராணவாயு இல்லாத இலைச்சேறு. அங்கே எவ்வளவு விலையுயர்ந்த இரை போட்டாலும் பிரயோசனம் குறைவு.

பெருமாளிகைத் தோட்டங்களின் பழைய ஏரிகளில் இந்தக் கதை வேறு. 18ஆம் நூற்றாண்டில் தோட்ட வடிவமைப்பாளர் கேப்பபிலிட்டி பிரவுன் பிளெனிம் மாளிகையில் செய்ததுபோல ஓடையை மறித்து அணைகட்டி உண்டாக்கியவை அவை. அணைப் பக்கம் ஆழம், ஓடை வரும் பக்கம் ஆழமின்மை, அடி முழுக்க வண்டல். மேடு பள்ளம் தேடி நாளைக் கழிக்க வேண்டாம். பழைய ஓடையின் தடத்தையும், எங்காவது தட்டுப்படும் கெட்டியான இடத்தையும் தேடினால் போதும்.

ஆழம் அளப்பது

சந்தேகப்பட்ட இடத்துக்கு வந்ததும் இழுவையை நிறுத்தி, தக்கை வளையத்தில் முட்டும்வரை நூலைச் சுற்றி விறைப்பாக்குங்கள். கோலில், ஸ்பூலிலிருந்து சரியாக ஒரு அடி தள்ளி ஒட்டுநாடா ஒன்றைச் சுற்றி வையுங்கள். ரீலின் பிரேக்கைத் தளர்த்தி, ஸ்பூலருகே நூலைப் பிடித்து நாடாவரை இழுத்தால் ஒரு அடி வெளியே போகும். நூல் தொய்யாமல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக விட்டு எண்ணுங்கள். தக்கை தலைகாட்டியதும் நிறுத்துங்கள்.

எண்ணிக்கை அப்படியே ஆழம் ஆகாது. தக்கை வளையத்தில் முட்டி நிற்கும்போதே தண்டின் ஒரு அடியும் தக்கையின் சொந்த உயரமும் சேர்ந்து அதன் தலை ஏரியடியிலிருந்து மேலே இருக்கும். இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு அடித் தண்டு, ஒரு அடித் தக்கை, எண்ணியது 7 என்றால் ஆழம் 9 அடி. பலத்த காற்றில் நூல் வில்லாக வளைந்து உண்மையைவிட அதிக ஆழம் காட்டும்; நுனியைத் தண்ணீரருகே தாழ்த்திப் பிடித்து இன்னொரு தடவை அளந்து பாருங்கள். தக்கை வரவே இல்லையென்றால் பாசியில் சிக்கியிருக்கும். ஒரே ஒரு வெட்டு இழுப்பு கொடுத்துவிட்டு மறுபடி விடுங்கள்.

ஒரு கற்பனை ஏரியை எடுத்துக்கொள்வோம். தூரத்தில் வீசிய ஈயம் ‘தொப்’ என்று இறங்குகிறது; ஆழம் 12 அடி. இரண்டு இழுவைகளில் சீரான வண்டல். மூன்றாவதில் கடகட சத்தம் ஆரம்பித்து, கோல் கனக்கிறது. ஈயம் மேடேறுகிறது. அளந்தால் 8 அடி. இன்னும் இரண்டு இழுவையில் 5 அடி, கெட்டிச் சரளை. அதற்கடுத்த இழுவையில் திடீரென எடையே இல்லாமல் போகிறது. ஈயம் மேட்டின் இந்தப் பக்கச் சரிவில் உருண்டு இறங்கிவிட்டது. அளந்தால் 11 அடி, மறுபடி வண்டல்.

இரையை எங்கே வைப்பது? பெரும்பாலோர் மேட்டின் உச்சி என்பார்கள். எனக்கு அதில் ஆர்வம் குறைவு. ஏரிக்கு வந்தவர் எல்லாரும் முதலில் கண்டுபிடிப்பது உச்சியைத்தான்; வருடக்கணக்காக எல்லாரும் இரை கொட்டிய இடம் அது, கெண்டைக்கும் அது தெரியும். மேடு மூன்றடிக்குள் வந்துவிட்டால் அன்னம் கழுத்தை நீட்டியே இரையைக் காலி செய்துவிடும். அப்பாலுள்ள சரிவில் வைத்தால் வேறு தலைவலி: மாட்டிய மீன் ஓடும்போது நூல் மேட்டின் விளிம்பில் உரசும், அங்கே ஒட்டியிருக்கும் சிப்பிகள் அதை அறுத்துவிடும். கொக்கியையும் ஈயத்தையும் இழுத்துக்கொண்டு ஒரு மீன் அலைவதற்கு நாம் காரணமாகக் கூடாது. இந்தப் பக்கச் சரிவின் அடிவாரம், சரளை முடிந்து வண்டல் தொடங்கும் அந்த ஓரடி இரண்டடி அகலம், என் முதல் தேர்வு. மேட்டிலிருந்து உருளும் உணவும் சேற்றிலுள்ள புழுவும் அங்கே சேர்கின்றன, நூலுக்கும் தடையில்லை.

தூரத்தைப் பிடித்து வைப்பது

இடம் கிடைத்ததும் தக்கையை மறுபடி வளையத்தில் முட்டும்வரை இறக்கி, நூலை விறைப்பாக்கி, ஸ்பூலின் பக்கத்திலுள்ள கிளிப்பில் மாட்டுங்கள். பிறகு ஈயத்தைக் கரைக்கு இழுத்து, 12 அடி இடைவெளியில் நட்ட இரண்டு குச்சிகளில் நூலை எட்டு வடிவில் சுற்றி, கிளிப் தடுக்கும்வரை எண்ணுங்கள். கோல்கள் 12 அடி நீளம் என்பதால் கோலையே தரையில் வைத்துக் குச்சி நடலாம். 18 சுற்று என்றால் 216 அடி, அதாவது 72 கஜம். மீன்பிடிக்கும் கோலையும், இரை கொண்டுபோகும் ராக்கெட் குப்பி கட்டிய கோலையும் அதே குச்சிகளில் அதே 18 சுற்றுக்குக் கிளிப் செய்துவிட்டால் மூன்றும் ஒரே இடத்துக்குப் போகும்.

போக வேண்டும் என்பதுதான் சரி. மீன்பிடிக்கும் கோலில் தங்கூசி இருந்தால் குச்சியில் சுற்றும்போது அதை இழுத்து நீட்டிவிடாதீர்கள். 18 சுற்றில் சேரும் பிசகு சிறிதாக இருக்காது. கிளிப் தடுக்கும் கணத்தில் கோல் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஒரு வீச்சில் கோலை நட்டுக்குத்தாகவும் இன்னொன்றில் தண்ணீரை நோக்கி நீட்டியும் பிடித்தால் ஏறக்குறைய ஒரு சுற்று வித்தியாசம் வந்துவிடும்.

விறைத்த நூலில் இறங்கும் ஈயம் கரையை நோக்கி ஊசலாடி வருவதால் குப்பியைக் குறைத்து வீச வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 66 மீட்டர் தூரத்தில் 3 மீட்டர் ஆழத்துக்கு ஈயம் பின்னே வருவது 7 சென்டிமீட்டர்தான். அதே ஆழத்தில் 15 மீட்டர் தூரத்தில் வீசினால் 30 சென்டிமீட்டர். தொலைவில் வீசுபவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கொக்கியோடு வீசி முடித்ததும் நூலைக் கிளிப்பிலிருந்து எடுத்துவிட மறக்காதீர்கள். முதலில் அந்த இடத்தில் நூல்மேல் சிறு எலாஸ்டிக் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளலாம். கிளிப்பில் மாட்டியபடியே விட்டால், பெரிய கெண்டை ஓடும் முதல் ஓட்டத்திலேயே நூல் அறுந்துவிடும்.

வீசாமல் இருப்பது

ஏரிக்கு வந்து பையை இறக்கியதும் மார்க்கர் கோலை எடுப்பது ஒரு கெட்ட பழக்கம். விடியற்காலையில் மீன்கள் புரளும், எகிறும். அடியைக் கிளறும்போது குமிழிகள் வரிசையாக மேலே வரும். அப்படி ஓரிடத்தில் தெரிந்துவிட்டால் மார்க்கருக்கு வேலையே இல்லை. மீன் இருக்கிறது, அதற்குப் பிடித்த அடி அங்கே இருக்கிறது. அதன் தலைமேல் 4 அவுன்ஸ் ஈயத்தை இருபது தடவை போட்டு அடியின் தரத்தை விசாரிப்பதில் என்ன பொருள்? ஒற்றைக் கோலைச் சத்தமில்லாமல் வீசிவிட்டு உட்காருங்கள்.

மார்க்கர் வேலைக்கு நல்ல நேரம், கிளம்புவதற்கு முந்திய ஒரு மணி நேரம். உங்கள் மீன்பிடிப்பு முடிந்தாயிற்று, இனிக் கலைந்தால் உங்களுக்கு நட்டமில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குறிமரம், சுற்று, ஆழம், அடியின் தன்மை நான்கையும் நோட்டில் எழுதிவைத்தால் அடுத்த தடவை நேரே வீசலாம். இடம் அடையாளம் ஆன பிறகும் தக்கையை நாள் முழுக்க மிதக்கவிடுவது எனக்கு உடன்பாடில்லை. நூல் குறுக்கே நிற்கும், மாட்டிய மீன் அதில் சிக்கும், நீங்கள் எங்கே மீன்பிடிக்கிறீர்கள் என்று ஏரி முழுவதற்கும் அறிவிப்பும் ஆகும்.

லிதுவேனியாவிலிருந்து வரும் ‘டீப்பர்’ போன்ற வீசும் சோனார் பந்துகள் ஆழத்தைக் கைப்பேசித் திரையில் நொடியில் காட்டிவிடுகின்றன. தக்கையின் வேலையை அவை தக்கையைவிட நன்றாகவே செய்கின்றன, மறுக்கவில்லை. பணமிருந்து, ஏரி விதி அனுமதித்தால் பயன்படுத்துங்கள். ஆனால் திரையில் கெட்டியென்று தெரியும் இடம் பொடிச் சரளையா, சிப்பிக் குவியலா, வழுக்கும் களியா என்று அறிய அதன்மேல் ஒரு ஈயத்தை இழுத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். தக்கையைக் கழற்றிவிட்டு வெறும் ஈயத்தோடு அடி தேடுபவர்கள் இப்போது நிறையப் பேர். சத்தமும் குறைவு, தூரமும் கூடுதல். பிரெய்டு கட்டிய கோலில் வெறும் ஈயத்தோடு பழகிவிட்டு, ஆழம் தேவைப்படும்போது மட்டும் தக்கையைச் சேர்த்துக்கொள்வதே புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி.

வீடு திரும்பியதும் தக்கை, தண்டு, குண்டு மூன்றையும் கழற்றிக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். முண்டுகளில் ஒட்டிய பாசித் துணுக்கில் வரிக்குதிரைச் சிப்பியின் குஞ்சு இன்னொரு ஏரிக்குப் பயணம் போகலாம். கெண்டைகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் கோய் ஹெர்ப்பிஸ் வைரஸும் ஈரமான கருவிகளோடு போகும். ‘பார், கழுவு, காயவை’ என்று பிரிட்டன் முழுக்கப் பிரசாரம் நடப்பது இதற்காகத்தான். பல ஏரிகளில் வாசலிலேயே கிருமிநாசினித் தொட்டி இருக்கும். மீன்வலையையும் மீனைக் கிடத்தும் மெத்தையையும் அதில் முக்குபவர்கள் மார்க்கர் ஈயத்தை மறந்துவிடுகிறார்கள். ஏரியின் அடியை அதிகம் தொட்டது அதுதான். அதையும் முக்கி எடுங்கள்.